ஆறும் ஏழும்

முதல் ஓட்டத்தில்
தமிழ்ப் பத்தி முழுக்கச் சதுரம்.
நாற்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு முப்பது ஆள்,
எல்லாருக்கும் ஒரே முகம்.
விதானகே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சிங்களத்தில் கேட்டார்:
"காசு சரி. ஆட்கள் எங்கே?"

எழுத்துருவை அறிக்கைக்குள் பதித்தேன்.
சதுரங்கள் திறந்தன. வெளியே வந்தவர்களுக்கு
மூட்டு விலகியிருந்தது.
தெரு என்பதில் தகரத்தின் கொம்பை
ரகரம் தூக்கிக்கொண்டு போனது.
கொம்பனித்தெருவில் ஏழாம் மாடியில் இருந்துகொண்டு
கொம்பனித்தெரு என்று
என்னால் அச்சிட முடியவில்லை.
நிலூக்காவின் பத்தியில்
ஸ்ரீ இரண்டாகப் பிளந்து கிடந்தது.
இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டு ஒன்று இருக்க வேண்டுமாம்.
தரவைக் கழுவிய எவரோ
அழுக்கென்று அதையும் கழுவிவிட்டார்.

அதெல்லாம் செவ்வாய்க்குள் தீர்ந்தது.
தீராதது ஒரு வரி.

மாளிகாவத்தை, தொடர்மாடி, நான்காம் தளம்.
இறந்த கணவரின் காப்புறுதிப் பணம்.
"பெயர் பொருந்தவில்லை" என்று
மூன்று மாதமாய், மூன்று மொழியில்,
இப்போது வெகு சுத்தமாக
அச்சாகிப் போகிறது கடிதம்.
இரண்டையும் திரையில் மேல்கீழாய் வைத்தேன்.
பௌசியா.
பெளசியா.
ஒன்றேதான் என்றேன். கணினி இல்லை என்றது.
உருப்பெருக்கினேன். ஒன்றேதான்.

நிலூக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது.
அதனால் அவள் வாசிக்கவில்லை, எண்ணினாள்.
"இதில் ஆறு. அதில் ஏழு."

கூட வந்த ஆள் ளகரம்.
இருபது வருடத்துக்கு முன்
பாமினியில் தட்டிய கோப்பு அது.
எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கிலக் குப்பை,
ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அரைப்புள்ளி.
அந்தப் பலகையில் ஔகாரத்தின் வாலும்
வெள்ளத்தின் ளகரமும் ஒரே விசை.
தட்டியவர் கண்ணுக்குச் சரியாகத் தட்டினார்.
மாற்றியவர் விசைக்குச் சரியாக மாற்றினார்.
பிழை விட்டவர் என்று ஒருவரும் இல்லை,
பணம் மட்டும் போகவில்லை.

கடைசி ரயிலை விட்டுவிட்டு ஒரு கட்டளை எழுதினேன்:
கொம்பை அடுத்து ளகரம் வந்தால்
ஔகாரமாக்கு.

காலையில்
வெள்ளவத்தை முழுவதும் உடைந்திருந்தது.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வீடுகள்.
ஒவ்வொரு முகவரியிலும்
மெய்யை இழந்த புள்ளி ஒன்று, உட்கார இடமின்றி
புள்ளிக்கோட்டு வட்டத்தில் குந்தியிருந்தது.
தொழில் என்ற இடத்தில் வெளிநாடு என்று எழுதியவர்களும் போனார்கள்.
காலி வீதியில் கடல் பார்த்த பக்கம்
ஒரு வாசல் மிச்சமில்லை.
நிலூக்கா சிரித்தாள்.
பிறகு போய் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தாள்.

ஆகவே கையால்.
கௌரீஸ்வரி. மௌஜூத். சௌந்தரநாயகம். தெளிவத்தை.
கண் உதவாது என்று தெரிந்தபின்
ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொன்னேன்.
உதடு குவிந்தால் ஆறு,
நாக்கு மடிந்தால் ஏழு.
பக்கத்து மேசைக்காரர் காதில் பஞ்சு வைத்தார்.
பதினொரு பெயரை எப்படிச் சொல்வதென்று
எனக்கே தெரியவில்லை.
ஓரத்தில் மஞ்சள் தீட்டி வைத்தேன்.

வியாழன் அவர் வந்தார்.
கீழே இறங்கிப் போனேன், தேவையில்லாமல்.
பற்றுச்சீட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள்.
முதலில் கொம்பு.
பிறகு பகரம்.
பேனா ஒரு கணம் தயங்கியது, மை வரவில்லை,
விரலிடுக்கில் உதறிவிட்டு
ள ஒன்றைச் சுழித்தார்.
எந்த ள என்று
நான் கேட்கவில்லை.
சியாவை முடித்து அடியில் ஒரு கோடு இழுத்து
பேனாவை மூடாமல் தந்தார்.

மேலே
மஞ்சளில் பதினொரு பேர்.